காகித டோபோ ஷீட்டிலிருந்து டிஜிட்டல் தரவு: கியூஜிஐஎஸ் எதுவரை கைகொடுக்கும்?

அச்சிட்ட டோபோ ஷீட்டை (நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள்) ஸ்கேன் செய்து, அதிலிருந்து சாலை, ஆறு, சம உயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது) எல்லாவற்றையும் ஜிஐஎஸ் தரவாக, அதாவது கணினி கையாளும் வரைபடத் தரவாக எடுக்க வேண்டும். இதற்குக் கியூஜிஐஎஸ் ஒன்றே போதுமா? 2002-இல் தொடங்கப்பட்ட இந்தத் திறமூல மென்பொருள் இலவசம்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஷீட்டை அதற்குரிய இடத்தில் உட்கார வைப்பதிலும், கையால் கோடு வரைவதிலும் பெரிய குறை எதுவும் சொல்வதற்கில்லை. சம உயரக் கோடுகளைத் தானாகப் பிடிப்பதில்தான் திணறுகிறது. அதைவிட முக்கியமாக, ஸ்கேன் படத்தைத் தரையின் ஆயங்களோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சர் கருவி கீழே காட்டும் பிழை எண்ணை வைத்து மட்டும் வேலை சரி என்று முடிவு கட்டக் கூடாது. அந்த எண்ணுக்குத் தெரியாத தவறுகள்தான் பின்னால் முழுத் தரவையும் கெடுக்கின்றன.

ஸ்கேனிலேயே பாதி தீர்மானமாகிவிடும்

1:50,000 ஷீட்டில் 0.2 மில்லிமீட்டர் பருமனுள்ள கோடு தரையில் 10 மீட்டர். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஒரு பிக்சல் 4.2 மீட்டர், 400-இல் 3.2 மீட்டர், 600-இல் 2.1 மீட்டர். கையால் வரைவதற்கு 400 தாராளம்; மெல்லிய கோட்டுக்குக் குறுக்கே மூன்று பிக்சல் கிடைத்துவிடும். 60க்கு 75 சென்டிமீட்டர் ஷீட் ஒன்று 400 டிபிஐ வண்ணத்தில் சுருக்காமல் சுமார் 335 எம்பி வரும். 600-க்குப் போனால் அது இரண்டேகால் மடங்கு. கோடுகளைத் தானாகப் பிரித்தெடுக்கும் எண்ணம் இருந்தால் மட்டுமே அந்தச் சுமை தேவை.

டிஃப் கோப்பாக, எல்இசட்டபிள்யூ சுருக்கத்தோடு சேமியுங்கள். ஜேபெக் வேண்டவே வேண்டாம். எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகச் சுருக்கும்போது பழுப்புக் கோட்டின் ஓரத்தில் அழுக்குப் படிந்ததுபோல நிறம் கசியும். கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியாது. நிறத்தை வைத்துப் பிரிக்கும்போது ஆயிரக்கணக்கான பொய்ப் புள்ளிகளாக வந்து நிற்கும்.

உருளை வழியே தாளை இழுக்கும் பெரிய ஸ்கேனர்களில், இழுக்கும் திசையில் சிறிய நீட்சி இருக்கும். அது பரவாயில்லை, பின்னால் சரிசெய்யலாம். ஏ3 ஸ்கேனரில் துண்டு துண்டாக எடுப்பவர்கள் அவற்றைப் பனோரமா மென்பொருளில் ஒட்டாதீர்கள். படம் பொருந்த வேண்டும் என்பதற்காக அது தாளை எங்கெங்கோ வளைத்துவிடும். ஒவ்வொரு துண்டிலும் கிரிட் சந்திப்புகள் (அச்சிட்ட கட்டக் கோடுகள் வெட்டும் இடங்கள்) போதுமான அளவு இருந்தால் தனித்தனியே ஜியோரெஃபரன்ஸ் செய்து, கடைசியில் சேர்ப்பதே சரி.

ஜியோரெஃபரன்சர்: இந்த மென்பொருளின் பலம்

முன்பு பிளகினாக இருந்தது, இப்போது லேயர் மெனுவிலேயே இருக்கிறது. முதலில் ஷீட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறிப்பைப் படியுங்கள்: புரொஜெக்ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் கொண்டுவரும் முறை) எது, டேட்டம் (ஆயங்களை அளக்க எடுத்துக்கொண்ட பூமியின் அடிப்படை மாதிரி) எது, கிரிட் எது. அதைப் படிக்காமல் எல்லாவற்றுக்கும் இபிஎஸ்ஜி 4326 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84-இன் குறியீட்டு எண்) கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஷீட் வட அமெரிக்க டேட்டமான நாட்27-இல் இருந்தால் 4267, ஐரோப்பிய டேட்டமான ஈடி50-இல் இருந்தால் 4230 என்று அதற்குரியதைத்தான் கொடுக்க வேண்டும். தவறான டேட்டம் கொடுத்தாலும் சராசரிப் பிழை இரண்டு பிக்சல் என்று அழகாகவே காட்டும். ஷீட் மொத்தமும் நூறு மீட்டரோ அதற்கு மேலோ தள்ளி உட்கார்ந்திருக்கும். எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் நகர்ந்திருப்பதால், அந்த எண்ணில் இதன் சுவடே தெரியாது.

மிகப் பழைய ஷீட்டுகளில் இன்னொரு பொறி உண்டு. தீர்க்கரேகை கிரீன்விச்சிலிருந்து எண்ணப்படாமல் இருக்கலாம். பாரிஸ் என்றால் 2°20′14″ கிழக்கே, ஃபெர்ரோ என்றால் 17°40′ மேற்கே தள்ளி எண்ணத் தொடங்கியிருப்பார்கள். கஸ்டம் புரொஜெக்ஷன் வசதியில் அந்த மூலத் தீர்க்கரேகையைக் குறித்துவிட்டால் மீதிக் கணக்கை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஒரு டேட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் பல வழிகள் இருந்தால், ஒவ்வொன்றின் துல்லியத்தையும் பட்டியலிட்டு எது வேண்டும் என்று கேட்கும். அந்த மாற்றத்துக்குத் தேவையான கிரிட் கோப்பு (டேட்டம் திருத்த அளவுகள் அடங்கியது) கணினியில் இல்லாவிட்டால் அதையும் சொல்லும். அந்தப் பெட்டியைப் படிக்காமல் ஓகே அழுத்திவிடாதீர்கள்.

கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக (படத்தைப் பொருத்த உதவும், ஆயம் தெரிந்த இடங்கள்) அட்ச, தீர்க்கக் கோடுகளின் சந்திப்புகளையே எடுங்கள். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் சாலைச் சந்திப்பை வைத்துப் பொருத்துவது கடைசி வழி. ஷீட்டில் 0.6 மில்லிமீட்டர் அகலத்தில் வரைந்த சாலை தரைக்கணக்கில் 30 மீட்டர் இடத்தை அடைக்கிறது. பக்கத்திலேயே ரயில் பாதை இருந்தால் இரண்டும் தெளிவாகத் தெரிவதற்காக வரைபடக்காரர் ஒன்றை வேண்டுமென்றே தள்ளி வரைந்திருப்பார். கிரிட் சந்திப்பை யாரும் தள்ளி வரைவதில்லை. 15 நிமிட ஷீட்டில் (நிமிடம் இங்கே கோண அளவு, பாகையில் அறுபதில் ஒன்று) 5 நிமிடத்துக்கு ஒரு கோடு இருந்தால் 16 சந்திப்புகள் கிடைக்கும். பன்னிரண்டை உள்ளிட்டு, நான்கைச் சரிபார்ப்புக்கு ஒதுக்கி வையுங்கள். பிக்சல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும்வரை பெரிதாக்கி, கோட்டின் ஓரத்தில் இல்லாமல் நடுவில் கிளிக் செய்யுங்கள். பாகை, கலை (நிமிடம்), விகலையை (விநாடி) இடைவெளி விட்டு அப்படியே தட்டலாம். தசமமாக மாற்ற வேண்டியதில்லை. மேற்கு, தெற்கு என்றால் கழித்தல் குறி வேண்டும்.

இனி உருமாற்ற வகை, அதாவது படத்தை எந்தக் கணக்குப்படி நீட்டித் திருப்பிப் பொருத்துவது என்பது. இதைத் தேர்ந்தெடுப்பதில்தான் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் தெரியும். ஹெல்மர்ட் இரண்டு புள்ளிகளில் ஓடும், ஆனால் இரண்டு திசையிலும் ஒரே அளவில்தான் நீட்டும். காகிதம் ஈரப்பதத்தில் இழை ஓடும் திசையில் ஒரு மாதிரியும் அதற்குக் குறுக்கே வேறு மாதிரியும் விரியும், அதனால் ஹெல்மர்ட் போதாது. பாலினோமியல் 1 குறைந்தது மூன்று புள்ளிகள் கேட்கும். இரு திசைகளுக்கும் தனித்தனி அளவு கொடுப்பதால், மடிப்பில்லாத நல்ல ஷீட்டுக்கு இதுதான். பாலினோமியல் 2-க்கு ஆறு, 3-க்குப் பத்து. மூன்றாம் படி, புள்ளிகள் இல்லாத ஓரங்களில் காட்டுத்தனமாக வளையும். எண் குறைகிறதே என்று அதற்குத் தாவாதீர்கள். கேமராவில் சாய்வாக எடுத்த படத்துக்கு நான்கு புள்ளிகளோடு புரொஜெக்டிவ்.

மடித்து மடித்து வைத்திருந்த ஷீட்டுக்குத் தின் பிளேட் ஸ்பிளைன் உதவும். ரப்பர் ஷீட்டை ஆணியடித்து இழுப்பதுபோல, கொடுத்த ஒவ்வொரு புள்ளி வழியாகவும் இது அச்சு அசலாகப் போகும். அதனாலேயே எஞ்சிய பிழை எல்லா இடத்திலும் பூஜ்யம் என்று வரும். 35 என்பதை 53 என்று தட்டியிருந்தாலும் பூஜ்யம்தான். படம் அந்த மூலையில் மட்டும் கோணலாக இழுபட்டிருக்கும். ஆகவே முதலில் பாலினோமியல் 1-இல் வைத்து அட்டவணையில் எந்தப் புள்ளி அளவுக்கு மீறிக் காட்டுகிறது என்று பாருங்கள். தட்டச்சுத் தவறுகளைத் திருத்திய பிறகு, மடிப்பு இருந்தால் மட்டும் ஸ்பிளைனுக்கு மாறுங்கள்.

எவ்வளவு பிழை பரவாயில்லை? 400 டிபிஐ, 1:50,000 என்றால் சராசரி மூன்று பிக்சலுக்குள் இருக்கட்டும். அது சுமார் 10 மீட்டர், ஒரு கோட்டின் பருமன். காகிதமே அதைவிடத் துல்லியமாக வாக்குறுதி தருவதில்லை. அமெரிக்காவின் 1947-ஆம் ஆண்டு வரைபடத் துல்லியத் தரப்படி, 1:20,000-ஐவிடச் சிறிய அளவுத்திட்டங்களில், சோதித்த புள்ளிகளில் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரு அங்குலத்தின் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 1:50,000-இல் அது 25 மீட்டர். அரை பிக்சல் பிழைக்காக இரவெல்லாம் புள்ளிகளை நகர்த்துவது வீண்.

ரீசாம்பிளிங்கில் (பொருத்திய படத்துக்குப் பிக்சல் நிறங்களை மீண்டும் கணக்கிடுவது), கண்ணால் பார்த்து வரைவதற்குக் கியூபிக் நல்லது. நிறத்தை வைத்துப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் நியரஸ்ட் நெய்பர். புதுக் கலவை நிறங்களை அது உண்டாக்காது. புள்ளிகளைப் பாயிண்ட்ஸ் கோப்பாகச் சேமிக்க மறக்காதீர்கள். முடிந்ததும் புராசசிங் கருவிகளில் உள்ள கிரியேட் கிரிட் மூலம் ஷீட்டின் சிஆர்எஸ்-இலேயே (ஆய முறை) 5 நிமிட வலையை உருவாக்கி மேலே வைத்துப் பாருங்கள். ஒதுக்கி வைத்த அந்த நான்கு சந்திப்புகளும் வலையோடு ஒட்டினால் படம் ஷீட்டின் கிரிட்டில் சரியாக உட்கார்ந்துவிட்டது. டேட்டம் சரியா என்பதற்கு, நம்பகமான புதிய தரவோடு ஒருமுறை ஒப்பிட வேண்டும். ஒரே திசையில், ஒரே அளவில் விலகல் தெரிந்தால் குற்றவாளி டேட்டம்தான்.

வரைவது

வரைந்ததைச் சேமிக்க ஷேப் கோப்பு வடிவம் வேண்டாம், ஜியோபேக்கேஜ் வடிவத்தை எடுங்கள். ஷேப் கோப்பில் புலத்தின் (விவர அட்டவணையின் நெடுவரிசை) பெயருக்குப் பத்து பைட்தான் இடம். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் போவதால் தமிழில் பெயரிட்டால் பாதியில் வெட்டுப்படும். ஜியோபேக்கேஜில் அந்தத் தொல்லை இல்லை. எல்லா லேயர்களும் ஒரே கோப்பில் அடங்கும்.

திரையின் அளவை 1:10,000 அளவில் நிறுத்தி, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் 1:2,000-த்திலும் மறு இடத்தில் 1:25,000-த்திலும் வரைந்தால் ஒரே ஆறு பாதி வழவழப்பாகவும் பாதி முள்முள்ளாகவும் வரும். ஸ்னாப்பிங்கை (அருகிலுள்ள புள்ளியில் தானாக ஒட்டுவது) 12 பிக்சலில் வைத்து, டோபாலஜிக்கல் எடிட்டிங்கை (பொது எல்லையை ஒன்றாகவே திருத்துவது) இயக்குங்கள். பக்கத்துப் பக்கத்து நிலப்பரப்புகளுக்கு ட்ரேசிங் அருமையான வசதி. பொது எல்லையை இரண்டாம் முறை வரைய வேண்டியதில்லை. ஆறுகளை நீர் ஓடும் திசையிலேயே வரையுங்கள். பின்னால் நீரோட்ட ஆய்வு செய்பவர் வாழ்த்துவார்.

3.20 பதிப்பிலிருந்து ஸ்ட்ரீம் டிஜிட்டைசிங் உண்டு: சுட்டியை நகர்த்தினாலே புள்ளிகள் விழும். வளைந்து நெளியும் ஓடைகளுக்கு இது வரப்பிரசாதம், ஆனால் தேவைக்கு மேல் புள்ளிகள் குவியும். முடிந்ததும் சிம்ப்ளிஃபை கருவியை 5 மீட்டரில் ஓட்டுங்கள். ஷீட்டில் அது 0.1 மில்லிமீட்டர்தான், வடிவம் கெடாது.

ஒரு உண்மையான குறை: வரைந்தவை சேமிக்கும்வரை நினைவகத்தில் மட்டுமே இருக்கும். மென்பொருள் நின்றுபோனால் அவ்வளவும் போய்விடும். ஒவ்வொரு பெரிய கோட்டுக்குப் பிறகும் சேவ் லேயர் எடிட்ஸ் அழுத்துவதைக் கைப்பழக்கமாக்குங்கள்.

சம உயரக் கோடுகள்

எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்மேப் மென்பொருளில் இருந்த ஆர்க்ஸ்கேன் போல, ஸ்கேனிலிருந்து கோட்டைப் பிடிக்கும் முழுமையான கருவி கியூஜிஐஎஸ்-இல் உள்ளே கிடையாது. வழி உண்டு, ஆனால் நீளமானது. ராஸ்டர் (பிக்சல் படம்) கால்குலேட்டரில் பழுப்பு நிறத்தைப் பிரித்து, மீதியை மதிப்பில்லாத பிக்சல்களாக (null) ஆக்கி, கிராஸ் என்ற துணை மென்பொருளின் கருவிகளான ஆர்.தின், ஆர்.டு.வெக்ட் வழியே கோடாக்கி, வி.கிளீன் மூலம் முட்களை (கோட்டில் பொய்யாக முளைக்கும் சிறு கிளைகள்) வெட்ட வேண்டும்.

இது எங்கே உடைகிறது? காட்டின் பச்சை மேல் விழுந்த பழுப்பு வேறு நிறமாகிவிடும். அச்சுத் தட்டுகள் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் சாலையின் ஓரத்தில் பொய்க் கோடு எழும். உயர எண் அச்சிட்ட இடத்தில் கோடு அறுந்திருக்கும். செங்குத்துச் சரிவில் நான்கைந்து கோடுகள் ஒட்டி ஒரே பட்டையாகும். முட்களை வெட்டும்போது எண்ணுக்கு அருகே இருக்கும் குட்டைத் துண்டுகளும் சேர்ந்தே போய்விடும். அந்தத் திருத்தத்துக்கு ஆகும் நேரத்தில் சமவெளி ஷீட் ஒன்றைக் கையாலேயே வரைந்து முடிக்கலாம். மலைப்பகுதி ஷீட்டுக்கு ராஸ்டர் ட்ரேசர் பிளகின் நல்ல நடுவழி. நிறத்தைக் காட்டிவிட்டுக் கோட்டின் மேல் அங்கங்கே கிளிக் செய்தால் இடைப்பட்ட பாதையை அது தொடரும். குழம்பும் இடத்தில் நாம் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

உயரம் ஏற்றுவதற்கு முதலில் தடித்த முக்கியக் கோடுகளை முடியுங்கள். பெரும்பாலும் ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும் தடித்திருக்கும். டிஜிட்டைசிங் அமைப்பில் கடைசியாகக் கொடுத்த மதிப்பை மீண்டும் பயன்படுத்தும் தெரிவை இயக்கினால் ஒரே உயரத்தைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டாம். பிறகு இடைவெளி 20 மீட்டர் என்றால், 20-ஆல் மீதியின்றி வகுபடாத உயரங்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு எக்ஸ்பிரஷன் போதும், 410, 436 போன்ற தட்டச்சுத் தவறுகள் உடனே சிக்கும். 440-ஐ 460 என்று போட்டது இதில் சிக்காது. அதற்கு உயரத்தின்படி நிறம் கொடுத்து, வரிசை மாறிய கோட்டைக் கண்ணால்தான் தேட வேண்டும். பள்ளத்தைக் குறிக்கும் உள்நோக்கிய சிறு கோடுகளையும் அப்போதே கவனியுங்கள். அவற்றைத் தவறவிட்டால் குழி குன்றாகிவிடும். டோபாலஜி செக்கரில் டேங்கிள்ஸ் விதியை ஓட்டினால் ஷீட்டின் ஓரம் தவிர வேறெங்கும் கோடு அந்தரத்தில் முடியக் கூடாது.

உயர மாதிரி செய்வதென்றால் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து உயரம் கணக்கிடும் டின் இன்டர்போலேஷனைத் தவிருங்கள். ஒரே கோட்டின் மூன்று புள்ளிகள் முக்கோணமாகும் இடமெல்லாம் தட்டையாகி, மலை உச்சிகள் சீவிவிட்டதுபோல வரும். கிராஸின் வி.சர்ஃப்.ஆர்எஸ்டி மெதுவாக ஓடும், ஆனால் வழவழப்பான பரப்பைத் தரும். தனி உயரப் புள்ளிகளையும் அதில் சேர்க்க வேண்டும். இந்த இடத்தில் ஆர்க்ஜிஐஎஸ்-இன் டோபோ டு ராஸ்டர் கருவி ஒரு படி மேல்தான்: ஆறுகளையும் உள்ளீடாக வாங்கி நீர் ஓடும்படி பரப்பைச் சீராக்கும். கியூஜிஐஎஸ்-இல் கிடைத்த மாதிரியிலிருந்து மறுபடி சம உயரக் கோடு வரைந்து ஸ்கேன் மேல் வைத்துப் பாருங்கள். எங்கே விலகுகிறதோ அங்கே கோடு விட்டுப்போயிருக்கும் அல்லது உயரம் தவறியிருக்கும்.

பல ஷீட்டுகள் இருந்தால் ஓரங்களைப் பொருத்தும்போது ஒரு எச்சரிக்கை. அடுத்தடுத்த ஷீட்டுகளின் அளவீட்டு ஆண்டு வேறாக இருந்தால், ஒரு ஷீட்டில் ஓரம்வரை வரும் சாலைக்கு மறு ஷீட்டில் தொடர்ச்சி இல்லாமல் இருக்கலாம். அதை வலிந்து இணைக்காதீர்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஷீட் எண், அளவீட்டு ஆண்டு, அளவுத்திட்டம் மூன்றையும் புலங்களாக வையுங்கள். மூல டேட்டத்தையும் சராசரிப் பிழையையும் லேயரின் மெட்டாடேட்டாவில் எழுதுங்கள். பாயிண்ட்ஸ் கோப்பும் மூல ஸ்கேனும் தரவோடு சேர்ந்தே போகட்டும்.