பலா மூட்டில் பேரரத்தை: ஒன்பது வருட அனுபவம்

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கம். வடக்கு ஓரத்தில் கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு பெரிய பலாமரம் நின்றது. அதன் மூட்டில், அதாவது மரத்தடியில், எதை வைத்தாலும் தேறாது. கத்தரி மெலிந்து நீண்டது, மிளகாய் பூக்கவே இல்லை. காலையில் ஒரு மணி நேரம் வெயில் விழும். அப்புறம் நாள் முழுக்க இலை இடுக்கு வழியாக வரும் வெளிச்சம்தான். 2016 ஆனி மாதம், மழை நன்றாகப் பிடித்த பிறகு, அந்த இடத்தில் நான்கு துண்டு அரத்தைக் கிழங்கு நட்டேன். இஞ்சி வகையைச் சேர்ந்த மருந்துக் கிழங்கு அது. இன்றைக்கு எங்கள் தோட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த மூலை அதுதான்.

பலா மூட்டில் வைக்கச் சொன்னது அடுத்த வீட்டுப் பாட்டி. கிழங்கைக் கையில் வாங்கி, நகத்தால் கீறி முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, இத வெயில்ல வைக்காத, இலை வெந்து போவும். பலா மூட்டுல வை, அங்க சொகமா நிக்கும்."

நர்சரியில் சித்தரத்தை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டாம் வருடம் தண்டு என் தலைக்கு மேல் போனபோதுதான் சந்தேகம் வந்தது. நம் பக்கத்து வீடுகளில் சித்தரத்தை என்று வளர்க்கும் செடி இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு நிற்கும். இலை ஒடுக்கமாக இருக்கும், கிழங்கு விரல் பருமன். என்னுடையது ஆறடியைத் தாண்டியது, அகன்ற இலை, கட்டைவிரலைவிடப் பருத்த கிழங்கு. இது பேரரத்தை. தாய்லாந்து, இந்தோனேசியச் சமையலில் போடுவதும் இதுதான். மலேசியத் தமிழர்களிடம் லெங்குவாஸ் என்றால் உடனே புரியும். மருந்துக்காக நடுபவர்கள் எந்த அரத்தை என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர்க் குழப்பம் நம் ஊரோடு நிற்பதும் இல்லை. ராஸ்னா என்று ஆயுர்வேதத்தில் சொல்லும் மருந்துக்குக் கேரள வைத்தியர்கள் அரத்தைக் கிழங்கை எடுக்கிறார்கள். வடக்கே அதே பெயரில் முற்றிலும் வேறொரு செடி விற்கிறது.

நடுவது சுலபம். இரண்டு மூன்று முளை உள்ள துண்டை இரண்டு அங்குல ஆழத்தில் வைத்து, சாணி எருவும் மண்ணும் கலந்து மூடினால் போதும். நான் இரண்டடி இடைவெளி விட்டேன், அது பற்றவில்லை. தூர் வெளிப்பக்கமாகப் பரவிக்கொண்டே போகும். மூன்றாம் வருடம் தூர்கள் ஒன்றோடொன்று பின்னிவிட்டன. மூன்றடி விடுங்கள். உரம் என்று தனியாக எதுவும் கொடுத்ததில்லை. பலாச் சருகைக் கூட்டி மூட்டிலேயே மூடாக்காகப் போட்டுவிடுவேன், அது மக்கி எருவாகிவிடும். இஞ்சி, மஞ்சளில் வரும் இலைச்சுருட்டுப் புழு இரண்டு முறை வந்தது. சுருண்ட இலையைக் கிள்ளி எடுத்ததோடு சரி.

நிழலின் அருமையை ஒக்கிப் புயல் காட்டியது. 2017 நவம்பர் 30 அன்று காலையில் எங்கள் பலா வேரோடு சாய்ந்தது. மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் விழுந்து கிடந்த நாள் அது. நல்லவேளை, மரம் கிணற்றுப் பக்கம் சாயவில்லை. மரத்தை அறுத்து அகற்றியதும் அரத்தை முழு வெயிலில் நின்றது. மாசிக்குள் இலை ஓரங்கள் பழுப்பேறி, காகிதம்போல் மொரமொரத்தன. புதுத் தண்டுகள் மூன்றடியிலேயே நின்றன. தண்ணீர் கூட்டிப் பார்த்தேன், பெரிய மாற்றம் இல்லை. கடைசியில் மேற்கே நான்கு வாழைக்கன்று நட்டேன். ஆவணியில் வாழை இலை விரிந்து மத்தியான வெயிலை மறைத்த பிறகுதான் அரத்தை மறுபடி தலை நிமிர்ந்தது. வெயிலில் செடி சாகாது, ஆனால் சிறுத்துப்போகும். அதேபோல் முழு இருட்டிலும் வராது. தென்னந்தோப்பில் விழுகிற அளவு ஒளி இருந்தால் அதற்குச் சரி.

பூ முதலில் வந்தது 2019 வைகாசியில். தண்டின் நுனியில் கொத்தாக, பச்சை கலந்த வெள்ளை. உள்ளிதழில் மெல்லிய சிவப்புக் கோடுகள். காய் எங்கள் தோட்டத்தில் இதுவரை பிடித்ததில்லை.

அறுவடையில் நான் செய்த தவறைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு வருடம் ஆவதற்குள் ஆசைப்பட்டு ஒரு தூரைத் தோண்டிவிட்டேன். கிழங்கு வெளுத்து, நீர் கோர்த்து இருந்தது. காய்ந்தபோது சுருங்கி ஒன்றுமில்லாமல் போனது, மணமும் இல்லை. அடுத்த தூரை 2020 தையில், மூன்றரை வருடம் கழித்துத் தோண்டினேன். கடப்பாரை இல்லாமல் அசையவில்லை. மண்ணைக் கழுவியதும் செம்பழுப்புத் தோல், அதில் வளையம் வளையமாக வெளிறிய கணுக்கள். நறுக்கினால் உள்ளே பாலாடை நிறம். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாய் பழுப்பாக மாறியது. இஞ்சியின் காரமும் யூகலிப்டஸ் தைலத்தின் குளிர்ச்சியும் கலந்த வாசம். அரத்தை எண்ணெயிலும் யூகலிப்டஸ் எண்ணெயிலும் சினியோல் என்ற பொருள் இருப்பதால்தான் அந்த ஒற்றுமை. அன்றைக்கு முழுக்க என் கையில் அந்த மணம் இருந்தது.

ஒன்றை மறக்காதீர்கள்: தோண்டிய அன்றே நறுக்கிவிட வேண்டும். முழுக் கிழங்காகக் காயவைத்தால் விறகுக்கட்டைதான், கத்தி இறங்காது. நான் காலணா கனத்தில் வில்லைகளாக நறுக்கி, ஓலைப்பாயில் ஐந்து நாள் காயவைத்தேன். நான்கு கிலோ பச்சைக் கிழங்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் காய்ந்து வந்தது. மூடி இறுக்கமான கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்தது இரண்டு வருடம் மணம் மாறாமல் இருந்தது. தையிலும் மாசியிலும் தோண்டினால் காயவைக்க வெயில் தடையில்லாமல் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் இதன் உபயோகம் எளிமையானது. தொண்டை கரகரத்தால் ஒரு சிறு துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வோம். முதலில் உறைக்கும், பிறகு உமிழ்நீர் ஊறி, தொண்டை இளகும். சளி கட்டினால் சுக்கு, மிளகு, அதிமதுரத்தோடு தட்டிப்போட்டுக் கஷாயம். இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ மூச்சு வாங்கினாலோ மருத்துவரிடம்தான் போவோம். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்களும் சித்த மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

இந்தச் செடிக்கு ஒத்துக்கொள்ளாத இன்னொன்று தேங்கும் தண்ணீர். 2021 நவம்பரில் குமரியில் வெள்ளம் வந்தபோது மதிலோரத் தாழ்வில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. அங்கிருந்த தூரை வடிந்த பிறகு தொட்டுப் பார்த்தேன், தண்டு கையோடு வந்துவிட்டது. கிழங்கு கூழாகி நாறியது. மேட்டில் இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் பாத்தியை முக்கால் அடி உயர்த்தி, கிணற்றடிப் பக்கம் ஒரு வடிகால் வெட்டினேன்.

இப்போது ஆறு தூர்கள் நிற்கின்றன. வருடத்துக்கு ஒன்றைத் தோண்டி, முளையுள்ள துண்டுகளை உடனே அதே குழியில் வைத்துவிடுகிறேன். புயலில் போன பலாவின் கொட்டையிலிருந்து முளைத்த கன்று இப்போது கூரை உயரம் வந்துவிட்டது. அதன் நிழல் மதில்வரை எட்டுகிறது. வாழைகளை இந்தத் தையில்தான் எடுத்தேன்.