‘நோசி பார்க்கர்’: எந்த இணைய அகராதியில் பார்க்கலாம்?

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பவரைக் கோலாலம்பூரில் ‘பிசிபாடி’ என்போம், இல்லையென்றால் ‘கேப்போ’. பிரிட்டிஷ் கதைப்புத்தகத்தில் அதே பொருளில் ‘நோசி பார்க்கர்’ வந்ததும், எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வு எழுதும் மாணவர் திணறுவார். இலவச இணைய அகராதிகள் மூன்றில் இந்தச் சொல்லைத் தேடினால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ்தான் முதலிடம். பொருளோடு, இது பிரிட்டிஷ் வழக்கு, பேச்சுநடை, குறைசொல்லும் தொனி என்பதையும் குறித்துவிடுகிறது. தொனி தெரியாமல் மாமியாரை விளையாட்டுக்கு இப்படிச் சொன்னால் அன்றைக்குச் சோறு கிடைக்காது. நீல ஒலிபெருக்கியை அழுத்தினால் பிரிட்டிஷ் உச்சரிப்பு, சிவப்பு அமெரிக்காவுக்கு. கவனித்துக் கேளுங்கள்: ‘நோசி’யில் இருப்பது இஸட் ஒலி. நீலத்தில் ‘பார்க்கர்’ என்பதன் ரகர ஒலிகள் இரண்டுமே கேட்காது.

கேம்பிரிட்ஜும் ஏறக்குறைய இதே தரம்.

மெரியம்-வெப்ஸ்டர் ‘பிசிபாடி’ என்ற ஒரே சொல்லில் பொருளை முடித்துவிடுகிறது. அமெரிக்கருக்கு அது போதும், நமக்குத்தான் சிக்கல். இங்கே ‘டோன்ட் பிசிபாடி லா’, ‘ஷீ வெரி பிசிபாடி’ என்று அதை வினையாகவும் பெயரடையாகவும் புழங்கிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தில் மாணவர் ‘ஷீ இஸ் வெரி நோசி பார்க்கர்’ என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார். இரண்டுமே பெயர்ச்சொற்கள், ‘ஷீ இஸ் எ நோசி பார்க்கர்’ என்று ‘எ’ சேர்க்க வேண்டும். ‘வெரி’ வேண்டுமென்றால் ‘ஷீ இஸ் வெரி நோசி’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘நோசி’யை ‘இ’ எழுத்து சேர்த்தும் சேர்க்காமலும் (nosey, nosy) எழுதலாம், பிழையில்லை. பன்மைக்கு ‘எஸ்’ பார்க்கரோடு சேரும்.

ஒன்றில் மூன்றுமே போதாது. நோசி பார்க்கர் பெரும்பாலும் துருவித் தெரிந்துகொள்ளப் பார்ப்பவர். பிசிபாடி தலையிட்டு யோசனையும் சொல்வார். திருட்டுத்தனமாகக் கைப்பையைக் கிளறுபவர் ‘ஸ்னூப்’, ஒட்டுக்கேட்பவர் ‘ஈவ்ஸ்டிராப்பர்’. இந்த நுணுக்கத்துக்கு ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகத் தேடி எடுத்துக்காட்டு வாக்கியங்களை ஒப்பிட வேண்டியிருக்கிறது.

சொல் பிறந்த கதைக்கு இணையத்தை நம்பவேண்டாம். கான்டர்பரி பேராயர் மேத்யூ பார்க்கரைக் காரணம் காட்டுவார்கள். அவர் இறந்தது 1575-இல், சொல் அச்சில் தென்படுவதோ அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான்.

அடுக்குமாடி நிர்வாகத்துக்குப் புகார்க் கடிதம் எழுதும்போது இந்தச் சொல்லைத் தவிர்த்து, ‘இன்ட்ரூசிவ்’ என்று போடுங்கள்.