பிரியஸை வளைவில் அடக்க: டயரா, பாரா, ஸ்பிரிங்கா, காயில்ஓவரா?

கலிபோர்னியாவில் சான் ஹோசேயிலிருந்து சாண்டா குரூஸுக்குப் போகும் நெடுஞ்சாலை 17-இல் பிரியஸ், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த டொயோட்டாவின் ஹைப்ரிட் கார், ஓட்டியவர்களுக்கு நான் ஏன் இதை எழுதுகிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு வளைவு முடியும் முன்பே அடுத்த வளைவு, நடுவில் கான்கிரீட் சுவர், பின்னால் ஒட்டிக்கொண்டே வரும் பிக்கப் டிரக். ஸ்டியரிங்கைத் திருப்பினால் நம் வண்டி முதலில் சாயும், அப்புறம் கொஞ்சம் யோசிக்கும், அதற்குப் பிறகுதான் திரும்பும். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் மேலே உள்ள கைப்பிடியை எட்டிப் பிடித்திருப்பார்.

என்னுடையது 2010 மாடல், மூன்றாம் தலைமுறை பிரியஸ். எடை சுமார் 1,380 கிலோ. முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு, பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைத்து நிற்கும், முறுக்கினால் கொஞ்சம் இடம் கொடுக்கும் ஒரே இரும்பு பீம். டயர் 195/65 ஆர்15, அதாவது அகலம் 195 மிமீ, பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். நாலு வருடத்தில் இந்த வண்டிக்குக் கீழே கிடைத்ததையெல்லாம் மாட்டிப் பார்த்தேன், சிலவற்றைக் கழற்றியும் எறிந்தேன். காசு போனது போகட்டும், அனுபவமாவது உங்களுக்குப் பயன்படட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியை யாரும் ரேஸ் ஓட்ட வாங்கவில்லை. நகரத்தில் கேலனுக்கு 51 மைல், நெடுஞ்சாலையில் 48, சராசரி 50 என்று அமெரிக்க அரசின் ஸ்டிக்கரில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினோம். அதனால் எந்தச் சாமானாக இருந்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வளைவில் இது எவ்வளவு கொடுக்கிறது, அதற்காக எத்தனை மைலைப் பிடுங்கிக்கொள்கிறது? சாதாரண காருக்கு எழுதப்பட்ட ஒப்பீடுகளில் இந்தக் கணக்கு வராது, நமக்கு இதுதான் முக்கியம்.

டயரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நான் ஆரம்பிக்காத இடம் அதுதான். கம்பெனியிலிருந்து வரும் டயர் மைலேஜுக்காகவே தேர்ந்தெடுத்தது. உருளும்போது வண்டியைப் பிடித்து இழுக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் வேலை, ரோட்டைப் பிடிப்பது இரண்டாவது. அதே அளவில் நல்ல ஆல் சீசன் டயர் ஒன்றை மாட்டியதும், வேறு எதையும் தொடாமலே, ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது வித்தியாசம் தெரிந்தது. நாலு டயருக்கு ஐந்நூறு டாலர் வாக்கில் ஆனது, எப்படியும் தேயும் பொருள் என்பதால் முழுவதையும் செலவுக் கணக்கில் எழுதுவதும் நியாயமில்லை. மைலேஜ் என் கணக்கில் இரண்டு மைல் குறைந்தது. புது டயர் என்றாலே தேய்ந்த பழையதைவிடக் கொஞ்சம் அதிகமாக இழுக்கும், அதனால் முதல் மாதக் கணக்கைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

பைசா செலவில்லாத வழி ஒன்றும் உண்டு, காற்று. முன்னால் 35, பின்னால் 33 பிஎஸ்ஐ என்று கதவோர ஸ்டிக்கர் சொல்கிறது. பிரியஸ்காரர்களில் பலர் இதை 40-க்கு மேல் ஏற்றி வைப்பார்கள், டயரின் பக்கச்சுவர் நெளிவது குறைந்து ஸ்டியரிங் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தோன்றும், மைலேஜும் கூடும். ஆனால் டயர் நடுவில் மட்டும் தேயும், சின்னப் பள்ளம்கூட முதுகில் அறையும், ஈர ரோட்டில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்டிக்கரில் உள்ளதைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட வைத்து நிறுத்திக்கொண்டேன்.

17 அங்குல ரிம் பற்றிப் பலர் கேட்பார்கள். பிரியஸின் உயர்ந்த வகையில் டொயோட்டாவே 215/45 ஆர்17 போட்டு விற்றது, அதனால் பொருந்துமா என்ற கேள்வியே இல்லை. போல்ட் அமைப்பு 5x100, அதாவது 100 மிமீ வட்டத்தில் ஐந்து போல்ட், லெக்ஸஸ் சிடி 200எச் ரிம்மும் அதே அமைப்புதான், பழைய சாமான் கடையில் கிடைத்தால் நல்ல வேட்டை. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி கேட்கிறது, உண்மை. ஆனால் ரிம்மும் டயரும் சேர்ந்து கனம் கூடிவிடுகிறது, சிக்னலுக்குச் சிக்னல் அந்தக் கனத்தைச் சுழற்ற வேண்டும். ஒரு சூட்சுமம் இருக்கிறது. கணக்குப் போட்டால் 195/65 ஆர்15-இன் விட்டம் 634.5 மிமீ, 215/45 ஆர்17-இன் விட்டம் 625.3 மிமீ, ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் சின்னது. அதனால் வண்டி உண்மையில் போன தூரத்தைவிட அதிகமாக ஓடியதாக மீட்டர் காட்டும், திரையில் வரும் மைலேஜும் அதே அளவு பொய் சொல்லும். ‘17 போட்டும் ஒன்றும் குறையவில்லை’ என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இந்தத் திருத்தத்தைச் செய்திருக்க மாட்டார்கள். நடுவழி வேண்டுமென்றால் 205/55 ஆர்16, விட்டம் ஏறக்குறைய பழையதேதான். இன்னொன்று, பிரியஸின் 15 அங்குலத்தில் தெரியும் அந்தப் பிளாஸ்டிக் மூடிக்குள் இருப்பது அலாய் ரிம்தான். அசிங்கமாக இருக்கிறது என்று மூடியைக் கழற்றாதீர்கள், காற்றைக் கிழிக்க அது உதவுகிறது.

சரி, உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும்தான்: வளைவில் சாய்வதைக் குறைக்கும் பின்பக்க ஸ்வே பாரா, வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கா?

நான் முதலில் செய்தது ஸ்பிரிங். படத்தில் பார்த்தால் அழகு, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ள அந்தப் பெரிய இடைவெளி போய்விடும். டொயோட்டாவே அமெரிக்காவில் பிளஸ் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் என்று விற்றதில் முன்பக்கம் 1.1 அங்குலம், பின்பக்கம் 1.3 அங்குலம் இறக்கும் ஸ்பிரிங் இருந்தது. கம்பெனியே செய்திருக்கிறது, நாம் செய்தால் என்ன என்று நினைத்தேன். அந்தப் பேக்கேஜில் பின்பக்க ஸ்வே பாரும் சேர்ந்தே வந்தது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

நான் வாங்கியது வேறொரு கம்பெனியுடையது, பெயர் வேண்டாம். மாட்டிய வாரத்தில் மதுரையிலிருந்து மாமியார் வந்திறங்கினார். விமான நிலையத்திலிருந்து வீடு வரை பின்சீட்டில் வாயே திறக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, “அமெரிக்காவுலயும் ரோடு நம்மூரு மாதிரிதானா மாப்பிள்ளை?” என்றார். ரோடு பளிங்கு மாதிரி இருந்தது.

என்ன நடந்தது என்றால், வண்டி இறங்கியதும் ஷாக் அப்சார்பரில் கீழே போக மிச்சமிருந்த தூரம் சுருங்கிவிட்டது. கொஞ்சம் பெரிய மேடு வந்தாலே ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டுகிறது. மென்மையான ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி செய்த பழைய ஷாக்கால் புது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கவும் முடியவில்லை. இதைவிட மோசமான விஷயம் மெக்ஃபெர்சன் அமைப்பின் குணம். வண்டியை இறக்கினால் முன்சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் சக்கரப்பக்க முனை மேலே தூக்கிக்கொள்ளும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல், அது நீண்டுவிடுகிறது. ஆக, கடினமான ஸ்பிரிங் கொடுத்த லாபத்தில் ஒரு பங்கை, இறக்கியதால் வந்த நஷ்டம் சாப்பிட்டுவிடுகிறது. பார்க்க ரேஸ் கார், வளைவில் அரை ரேஸ் கார்கூட இல்லை. மைலேஜில் மாற்றம் ஏதும் தெரியவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

தரைக்கும் வண்டிக்கும் இடையே முன்பு 140 மிமீ வாக்கில் இருந்தது, அதில் ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் என்ன ஆகும் என்பது பார்க்கிங் இடத்தில் தெரியும். முன் பம்பரின் கீழ்ப் பிளாஸ்டிக் அந்தக் கான்கிரீட் தடுப்பில் போய் உரசும். கலிபோர்னியாவில் பிரியஸ் வைத்திருப்பவர்களில் பலர் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் திருட்டுக்குப் பயந்து அடியில் தகடு அடித்திருப்போம் அல்லவா, என் வண்டியில் அதுவும் வேகத்தடையில் உரசி ஊருக்கே கேட்கும் சத்தம் போட்டது.

இப்போது பின்பக்க ஸ்வே பார். விலை இருநூறு டாலர் வாக்கில், டார்ஷன் பீமோடு சேர்த்து போல்ட் போடும் ஒரு இரும்புக் கம்பி, ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்த வண்டியில் நான் மாட்டியதிலேயே அதிக வித்தியாசம் காட்டியது இதுதான். வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறியே தீரும், மொத்தம் எவ்வளவு மாறும் என்பதை எந்தக் கம்பியாலும் பெரிதாக மாற்ற முடியாது. அதில் முன்பக்கம் எவ்வளவு சுமக்கிறது, பின்பக்கம் எவ்வளவு சுமக்கிறது என்ற பங்கீட்டை மாற்றலாம். பிரியஸ் முன்பாரம், முன்பக்க வெளி டயர்தான் எல்லாவற்றையும் தாங்கித் திணறும், அதனால்தான் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் மூக்கு நேராகவே போகப் பார்க்கிறது. பின்பக்கத்தை விறைப்பாக்கினால் அது தன் பங்கைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், முன் டயர் கொஞ்சம் மூச்சு விடும். உயரம் மாறவில்லை, நேர் ரோட்டில் சொகுசும் ஏறக்குறைய அப்படியே. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வண்டி லேசாகத் தலையாட்டும், அவ்வளவுதான். மைலேஜ் நஷ்டம் பூஜ்யம்.

ஆனால் ஹைப்ரிட்டுக்கே உரிய ஒரு எச்சரிக்கை உண்டு. சாதாரண காரில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் கொஞ்சம் பிடிக்கும். நம் வண்டியில் காலை எடுத்ததுமே மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரண்ட் அனுப்பும், அந்த இழுப்பு முழுவதும் முன்சக்கரங்களில் மட்டும். கியரை ‘B’-இல், அதாவது இறக்கத்தில் இன்ஜினால் வேகத்தைப் பிடிக்கும் நிலையில், வைத்திருந்தால் இழுப்பு இன்னும் பலம். எடை முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும், விறைப்பான பார் வேறு இருக்கிறது, மழை வேறு பெய்தால் பின்பக்கம் நழுவப் பார்க்கும். வண்டியின் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் தலையிட்டுச் சரிசெய்கிறது, எனக்கும் ஒருமுறை செய்தது, விளக்கு மினுக்கி நெஞ்சு படபடத்தது. அதனால் தேய்ந்த டயரோடு பின்பக்கப் பாரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

ஷாக் அப்சார்பரைப் பற்றிப் பேசினால் யாருக்கும் சுவாரஸ்யம் இருக்காது. ஆனால் ஒன்றரை லட்சம் மைல் ஓடிய வண்டியில் ‘ஹேண்ட்லிங் சரியில்லை’ என்று நாம் புலம்புவதில் பெரும்பங்கு செத்துப்போன ஷாக்தான். ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையதையே திரும்ப மாட்டிய அன்று, கேஒய்பி கம்பெனியின் சாதாரண மாற்று ஷாக் நாலையும் போட்டேன். அந்த ஆட்டம் போயே போய்விட்டது. உழைப்பு மட்டும் கொஞ்சம் அதிகம், முன்பக்க ஸ்ட்ரட்டின் தலை கண்ணாடிக்குக் கீழே ஒளிந்திருக்கும், வைப்பர் கைகளையும் அந்தப் பிளாஸ்டிக் தட்டையும் முழுதாக எடுத்தால்தான் நட்டு கண்ணில் படும்.

காயில்ஓவரைச் சுருக்கமாக முடிக்கிறேன். உயரமும் விறைப்பும் நம் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம், ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக்கும் சேர்ந்தே வருவதால் என் முதல் தப்பு இதில் நடக்காது. பிசி ரேசிங் போன்றவர்கள் பிரியஸுக்கென்றே செய்கிறார்கள், ஆயிரம் டாலருக்கு மேல். நண்பர் ஒருவர் மாட்டியிருக்கிறார், ஓட்டிப் பார்த்தேன், நெடுஞ்சாலை 17-இல் அருமை. தினமும் ஆபீஸ் போய்வரும் 880 நெடுஞ்சாலையின் கான்கிரீட் இணைப்புகளில் பல் கிடுகிடுக்கிறது. வண்டியின் இன்றைய விலையை யோசித்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிரேஸ் எனப்படும் விறைப்புக் கம்பிகள், கஸ்கோ, டனாபே விற்பவை, அடியில் மாட்டுவதும் ஸ்ட்ரட்டுகளுக்குக் குறுக்கே மாட்டுவதும்: அடியில் மாட்டும் பிரேஸ் போட்ட பிறகு நேர் ரோட்டில் ஸ்டியரிங் அலைவது குறைந்த மாதிரி இருந்தது. ‘மாதிரி’ என்றுதான் சொல்வேன், காசு கொடுத்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம். கடைசியில் வாங்க வேண்டிய பொருள்.

வேலை செய்வதற்கு முன் சில. ஸ்மார்ட் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். ‘ரெடி’ விளக்கு எரிய, சத்தமே இல்லாமல் நிற்கும் வண்டியில் இன்ஜின் எப்போது வேண்டுமானாலும் தானாகக் கிளம்பும். கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் ஓடி அழுத்தம் ஏற்றும் என்பதால், பிரேக் காலிப்பரைக் கழற்றி வைத்திருக்கும்போது யாரையும் கதவைத் தொட விடாதீர்கள். அடியில் ஆரஞ்சு நிறத்தில் போவது 200 வோல்ட்டுக்கு மேல் உள்ள பேட்டரியின் கேபிள், அந்தப் பக்கம் ஜாக்கி வேண்டாம். சக்கர நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர். எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பது, அதன் பிறகு ஸ்டெபிலிட்டி விளக்கு எரிந்தால் சென்சாரின் பூஜ்யத்தை மறுபடி பதிய வைக்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஐந்தாவது போட்டியாளர் இருக்கிறார், வேறு வண்டி. 2011-இல் வந்த லெக்ஸஸ் சிடி 200எச்-இல் நம்முடைய அதே 1.8 லிட்டர் இன்ஜின்தான், பின்னால் டார்ஷன் பீமுக்குப் பதில் டபுள் விஷ்போன், அதாவது இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனியாக அசையும் அமைப்பு. ஓட்டிப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் ஸ்டிக்கரில் சராசரி 42 மைல், என் அளவுகோலில் எட்டு மைல் நஷ்டம். 2016 மாடலாக வந்த நாலாம் தலைமுறை பிரியஸிலும் பின்னால் டபுள் விஷ்போன், எடை மையம் தாழ்வு, பாடி விறைப்பு 60 சதவீதம் கூட என்று டொயோட்டா சொன்னது, மைலேஜோ 52. முகம் மட்டும் பார்க்கச் சகிக்காது. காயில்ஓவரும் ரிம்மும் பிரேஸும் சேர்த்து இரண்டாயிரம் டாலர் போடலாம் என்று நினைப்பவர்கள், அந்தப் பணத்தோடு பழைய வண்டியை விற்ற காசையும் சேர்த்து அதைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

என் வண்டியில் இப்போது இருப்பது நல்ல டயர், புது ஷாக், பின்பக்கப் பார், அந்த ‘மாதிரி’ பிரேஸ். கழற்றிய ஸ்பிரிங் நாலும் கராஜில் கிடக்கின்றன, பாதி விலைக்குத் தருகிறேன். மேலே எழுதியதைப் படித்த பிறகும் யாராவது கேட்டால், மாமியாரைப் பின்சீட்டில் ஏற்ற மாட்டீர்கள்தானே என்று மட்டும் விசாரித்துக்கொள்வேன்.