"உன் பேரே வராது" என்று எஸ்.ஐ. சொன்னால் நம்பாதீர்கள்

ஊர் பெயர், ஸ்டேஷன் பெயர் வேண்டாம். வழக்கு இன்னும் நடக்கிறது.

பைக்கை மறித்துச் சோதனை போட்டபோது என்னிடம் 60 கிராம் கஞ்சா இருந்தது. நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. ஸ்டேஷனில் எஸ்.ஐ. அடிக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். "படிச்ச பையன், வாழ்க்கையைக் கெடுத்துக்காத. உனக்குக் கொடுத்தவனைக் காட்டு, உன் பேரே வராது" என்றார். எஃப்.ஐ.ஆர். போடவில்லை. என் போனை வாங்கித் தன் நம்பரை அவரே பதிந்து கொடுத்தார். அந்த டீக்கு மயங்கினேன்.

முதலில் தகவல் மட்டும் கேட்டார். அப்புறம் "பேசி வரச்சொல்லு" என்றார். கடைசியில், நம்பர் குறித்துவைத்த 500 ரூபாய்த் தாள்களை என் கையிலேயே கொடுத்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். மஃப்டியில் வந்தவர்கள் இரண்டு பேரை அமுக்கி வேனில் ஏற்றினார்கள். பக்கத்திலேயே நின்ற என்னை ஒருவரும் தொடவில்லை. வேன் கம்பி வழியே, எனக்குக் கஞ்சா கொடுத்தவன் என்னைப் பார்த்துக்கொண்டே போனான். காட்டிக்கொடுத்தது யாரென்று அவனுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டுமா?

நான்காம் நாள் அவன் தம்பி எங்கள் அம்மாவின் இட்லிக் கடைக்கு வந்தான். மூன்று இட்லி சாப்பிட்டான், காசும் கொடுத்தான். "பையன் ராத்திரி எத்தனை மணிக்கும்மா வீட்டுக்கு வருவான்?" என்று கேட்டுவிட்டுப் போனான். எஸ்.ஐ.க்குப் போன் போட்டேன். "கொஞ்ச நாள் வெளியூர் போயிரு" என்றார். எனக்குக் கிடைத்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

அப்புறம் குற்றப்பத்திரிகை வந்தது. அதில் நான் மூன்றாவது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன். அவனை வரச்சொல்லி நான் பேசிய அழைப்புகளே எனக்கு எதிரான ஆதாரம். எஸ்.ஐ. மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "அப்படி எதுவும் எழுத்துல இல்லையே தம்பி" என்றார்.

வக்கீல் சொல்லித்தான் எனக்கே விளங்கியது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 68-ஆம் பிரிவுப்படி, தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. ரகசியத்துக்குத்தான் அந்தக் காவல். பணத்தோடு நேரில் போய் நின்றவனுக்கு அதனால் என்ன பயன்? வழக்கிலிருந்து விலக்கு தரும் அதிகாரம், 64-ஆம் பிரிவுப்படி, மத்திய அல்லது மாநில அரசுக்குத்தான். எஸ்.ஐ. கொடுத்த வாக்கு அவருடைய சொந்த வாக்கு.

கணக்கைக் கேளுங்கள். என் 60 கிராம் 'சிறிய அளவு'. அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அவனிடம் பிடிபட்டது இரண்டு கிலோவுக்கு மேல். கூட்டுச்சதி என்று என்னையும் சேர்த்திருப்பதால், இப்போது பத்தாண்டு வரை போகலாம்.

எனக்காவது உயிர் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2008-இல் ரேச்சல் ஹாஃப்மன் என்ற 23 வயதுப் பெண்ணை, அவள் மீதான வழக்கிலிருந்து தப்பலாம் என்று சொல்லி, 13,000 டாலரோடு போதை மாத்திரையும் துப்பாக்கியும் வாங்க போலீஸ் அனுப்பியது. வழியில் போலீஸ் அவளைத் தவறவிட்டது. விற்க வந்தவர்கள் அவளைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவள் பெயரில் சட்டம் வந்தது. அங்கே இப்போது இன்ஃபார்மர் ஆவதற்கு முன் வக்கீலைக் கலந்துகொள்ள வாய்ப்புக் கேட்கலாம்.

இங்கே கைதானவருக்கு வக்கீலைப் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவே தருகிறது. டீ குடிப்பதற்கு முன் நான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

நிபந்தனை ஜாமீனில் இருக்கிறேன். காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. அவனுக்கும் அதே பத்தரைதான், அதே பெஞ்சுதான்.