யூரோ பத்தாண்டு 2 யூரோ நாணயம்: உதிரியா, அட்டையா, ப்ரூஃபா?

யூரோ நோட்டும் நாணயமும் புழக்கத்துக்கு வந்து பத்தாண்டு நிறைந்ததற்காக 2012-ல் 17 நாடுகள் ஒரே வடிவமைப்பில் 2 யூரோ நாணயம் வெளியிட்டன. ஆஸ்திரிய நாணயச்சாலையின் ஹெல்முட் ஆண்டெக்ஸ்லிங்கர் வரைந்த இந்த வடிவம் இணைய வாக்கெடுப்பில் தேர்வானது. ஜெர்மனி மட்டும் ஏ, டி, எஃப், ஜி, ஜே என்ற எழுத்துக் குறி கொண்ட ஐந்து நாணயச்சாலைகளில் அடித்ததால் முழு வரிசை 21 நாணயங்கள்.

இதை மூன்று விதமாக வாங்கலாம்: ரோலிலிருந்து (நாணயங்களை அடுக்கிச் சுற்றிய காகிதச் சுருள்) எடுத்த உதிரி, அட்டையில் பதித்து விற்ற பி.யு. (புழங்காத, பளபளப்பான தரம்), சேகரிப்பாளர்களுக்கென்றே அடித்து கண்ணாடிப் பளபளப்போடு வரும் ப்ரூஃப். அழகில் ப்ரூஃபை மிஞ்ச எதுவுமில்லை. விலையில் உதிரிதான் மலிவு. என் தேர்வும் உதிரிதான். காரணம், திரும்ப விற்கும்போது என்ன ஆகும் என்பதுதான்.

உங்கள் கையில் இருப்பது எந்தத் தரமானாலும் முகமதிப்பு 2 யூரோவே, யூரோ வட்டாரம் முழுவதும் செல்லும். உதிரியை முகமதிப்புக்குச் சற்று மேலே வாங்கினால் இழக்கக்கூடியது அந்தச் சிறு வித்தியாசம் மட்டுமே. அட்டைக்கோ ப்ரூஃபுக்கோ கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் பொதியின் மீதே நிற்கிறது. அட்டை வளைந்தாலோ, ஈரத்தில் உப்பினாலோ, ஒருமுறை பிரித்துவிட்டாலோ, உள்ளே இருப்பதை நல்ல உதிரியிலிருந்து பிரித்துக் காட்டுவது கடினம். வாங்குபவரும் உதிரி விலையே சொல்வார். ப்ரூஃபில் விரல் பட்ட எண்ணெய் நாளடைவில் பளிங்குப் பரப்பிலேயே தங்கிவிடும், துடைத்தால் மயிரிழைக் கீறல் விழும். வரிசை முடிப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: எல்லா நாடுகளும் ப்ரூஃப் அடிப்பதில்லை. 21-ஐயும் ஒரே தரத்தில் அடுக்க உதிரியில்தான் வழி. ஒரே ஒரு நாணயத்தைப் பரிசாகக் கொடுக்க வேண்டுமானால் அட்டை நல்ல தேர்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உதிரி என்றால் புழங்கிய சில்லறை என்று பொருளில்லை. ரோலில் 25 நாணயங்கள் இருக்கும். இரு முனையிலும் உள்ளவை தேய்ந்தும் கீறியும் இருக்கும், உள்ளே இருப்பவற்றில் தேர்ந்தெடுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்தால், உயர்ந்து நிற்கும் யூரோ குறியின் மேல் உள்ள சிராய்ப்பு உடனே தெரியும். லக்சம்பர்க் நாணயத்தில் சாய்வில் மட்டும் தெரியும், அந்நாட்டின் அப்போதைய மன்னரான பெருங்கோமகன் ஹென்றியின் உருவம் புழக்கத்தில் முதலில் மங்கும். அதைப் புத்தம் புதிதாகவே வாங்குங்கள்.

பராமரிப்பு எளிது, ஆனால் தவறினால் திருத்த முடியாது. நாணயத்தின் விட்டம் 25.75 மில்லிமீட்டர், 26 மில்லிமீட்டர் உறை சரியாகப் பொருந்தும். மெத்தென்ற பி.வி.சி. பைகள் வேண்டாம்: அதிலுள்ள மென்மையாக்கி வெளியேறி பச்சைப் பசையாகப் படியும். படிந்துவிட்டால் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி, நெருப்புக்கு எட்டாத காற்றோட்டமான இடத்தில், சில நிமிடம் ஊறவிட்டு எடுங்கள். நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருள்கள் கலந்திருக்கும், அது வேண்டாம். மெருகுப் பொடி, அமிலக் கரைசல் இரண்டும் விலக்க வேண்டியவை. வெள்ளை வளையமும் மஞ்சள் நடுப்பகுதியும் சேரும் இடுக்கில் கரைசல் தங்கி, பிறகு கறையாக வெளிவரும்.

வாங்கும் இடத்திலேயே எடை, காந்தம் இரண்டையும் பார்த்துவிடுங்கள். எடை 8.5 கிராம். நடுப்பகுதியில் இரண்டு பித்தளை அடுக்குகளுக்கிடையே நிக்கல் இருப்பதால் காந்தம் அங்கே மட்டும் லேசாக இழுக்கும். வளையமும் பலமாக ஒட்டினால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.