கோத்தகிரியிலிருந்து நியூசிலாந்து: கோவையா, பெங்களூரா, கொச்சியா?

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் அக்கா வீடு. நவம்பர் கடைசியில் கிளம்பி, பொங்கலுக்கு முன்னால் திரும்புவதாகத் திட்டம். நாங்கள் இரண்டு பேர், கூட அம்மா. எந்த ஊரில் விமானம் ஏறுவது என்று டிக்கெட் போடுவதற்குள் வீட்டில் மூன்று கட்சி ஆகிவிட்டது. மச்சான் பெங்களூர் என்றார், மனைவி விலையைப் பார்த்துவிட்டுக் கொச்சி என்றாள், நான் கோவை. கடைசியில் கோவை, சிங்கப்பூர் வழியாகத்தான் போய் வந்தோம். அதனால் இந்த அலசல் கொஞ்சம் கோவைப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

விலையையும் பறக்கும் நேரத்தையும் எந்த டிக்கெட் தளத்திலும் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் தேதிகளுக்குக் கொச்சி வழிதான் மலிவு, பெங்களூர்தான் விலை அதிகம், கோவை நடுவில். அதை விட்டுவிடுகிறேன். மலையில் இருப்பவர்களுக்கு முடிவைத் தீர்மானிப்பது வீட்டு வாசலுக்கும் விமான நிலையத்துக்கும் நடுவில் இருக்கும் ரோடு. போகும்போது அது பெரிய விஷயமே இல்லை, நாலு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் சரியாகிவிடும். திரும்பி வரும்போதுதான் சங்கதி. நியூசிலாந்து நேரம், அங்கே கோடையான இந்த மாதங்களில், நம்மைவிட ஏழரை மணி நேரம் முந்தியது. அங்கிருந்து வந்து இறங்குகிறவருக்கு இது பகலா இரவா என்றே பிடிபடாது. அந்த நிலையில் எத்தனை மணிக்கு எந்த மலைப்பாதையில் ஏறப்போகிறோம் என்பதை டிக்கெட் போடும்போதே யோசிக்க வேண்டும்.

பெங்களூரை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் பெங்களூர்–சிட்னி நேரடி விமானம் விட்டது. ஒரே தாவலில் ஆஸ்திரேலியா, அங்கிருந்து மூன்று மணி நேரத்தில் கிரைஸ்ட்சர்ச். காகிதத்தில் இதுதான் அழகான வழி. நான் அதில் போனதில்லை, மச்சான் குடும்பம் போய்விட்டு நன்றாக இருந்தது என்றார்கள். ஆனால் அவர்கள் வீடு ஒயிட்ஃபீல்டில். நமக்கு ஊட்டி போய், முதுமலை, பந்திப்பூர் தாண்டி மைசூர் வழியாகப் போக வேண்டும். பந்திப்பூர் காட்டில் 2009 முதல் இரவு ஒன்பது மணிக்கு கேட் போட்டால் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள். சத்தியமங்கலம், திம்பம் வழியிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. மிச்சம் மேட்டுப்பாளையம் இறங்கி, அவிநாசி, சேலம், ஓசூர் வழியாகச் சுற்றுவது. விமான நிலையமோ ஊருக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளியில். நகர நெரிசலையும் சேர்த்தால் எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். பெங்களூர் டாக்ஸி பிடித்து வந்தால் நீலகிரி இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். 2024 மே முதல் வெளி வண்டிக்கெல்லாம் அது கட்டாயம்.

இன்னொன்றும் உண்டு. இந்திய பாஸ்போர்ட்டில் சிட்னியில் விமானம் மாறுவதற்கே ஆஸ்திரேலிய டிரான்சிட் விசா வேண்டும், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும். கட்டணம் இல்லை, ஆனால் ஆளுக்கு ஒரு விண்ணப்பம். அம்மாவின் படிவங்களோடு ஏற்கனவே நியூசிலாந்து விசாவுக்கு ஒரு முறை மல்லுக்கட்டியாயிற்று.

கொச்சிக்கு ரோடு மோசமில்லை. 2021-இல் குதிரான் சுரங்கப்பாதை திறந்த பிறகு பாலக்காடு–திருச்சூர் நெரிசல் குறைந்திருக்கிறது. கோவையைத் தாண்டி மூன்றரை, நாலு மணி நேரத்தில் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி. பிரச்சினை வானத்தில். அந்த மலிவான டிக்கெட்டில், கிழக்கே இருக்கும் நாட்டுக்குப் போக மேற்கே கத்தாரின் தோகாவுக்கு நாலரை மணி நேரம் பறந்து, அங்கிருந்து ஆக்லாந்துக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஒரே இருக்கையில் உட்கார வேண்டும். ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். தோகா வரைக்கும் நான் போயிருக்கிறேன், விமான நிலையம் பிரமாதம். அதற்கு அப்பால் உள்ள தூரத்தை அம்மாவின் முழங்காலோடு சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை. தனியாகப் போகும் இளவட்டம் என்றால் மிச்சமாகும் பணத்துக்குத் தாராளமாகப் போகலாம்.

இனி கோவை. வீட்டிலிருந்து குஞ்சப்பனை வழியாக இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, விமான நிலையம் இருக்கும் பீளமேடு போக இரண்டரை மணி நேரம். சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரத்துக்கும் குறைவு, அங்கிருந்து கிரைஸ்ட்சர்ச் பத்து மணி நேரம் போல. பயணம் இரண்டாக உடைவதில் வயதானவர்களுக்கு நிம்மதி, நடுவில் காலை நீட்டி நடக்கலாம். வீல்சேர் முன்பே சொல்லி வைத்திருந்தோம், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வாசலிலேயே ஆள் நின்றார்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர்-இல் இருக்க வேண்டும். கோவையிலிருந்து பறப்பது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவு நிறுவனமான ஸ்கூட் விமானம்தான், ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தளத்திலேயே மொத்தமாகப் போட்டால் பெட்டி கிரைஸ்ட்சர்ச் வரை தானே போய்விடும். தாமதமாகி அடுத்த விமானம் போய்விட்டால் மாற்று ஏற்பாடு அவர்கள் தலைவலி. காசு மிச்சம் என்று ஸ்கூட் தனி, அடுத்தது தனி என்று வாங்கினால் சிங்கப்பூரில் வெளியே வந்து பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டிவரலாம். வெளியே வருவதற்கான சிங்கப்பூர் விசா விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. ஸ்கூட்டில் இருக்கைக்கு முன்னால் திரை கிடையாது. கோவையின் சர்வதேசப் பகுதி சின்னது, இமிகிரேஷன் வரிசை நகரவே நகராது. விமானங்களும் குறைவு, ஒன்று ரத்தானால் அன்றைக்கு வேறு வழி தேடுவது கஷ்டம்.

திரும்பும்போது கோவையில் இறங்கியது பின்னிரவு. டிரைவர் தம்பி, “இப்பவே ஏறிடலாம்ணா, ரோடு காலி” என்றார். அம்மா, “வேண்டாம்ப்பா, குஞ்சப்பனையில யானை நிக்கும், விடிஞ்சு போலாம்” என்று முடித்துவிட்டார். அவிநாசி ரோட்டில் ஒரு அறை எடுத்துத் தூங்கி, காலை டிபன் முடித்து ஏறினோம். குன்னூர் பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி பாதை, அதில் சரிந்தால் குன்னூர் பாதை என்று ஒரு மாற்று இருப்பதும் கோவை வழிக்கு இன்னொரு பலம். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்க மாட்டார்கள். பெங்களூரில் அதே நேரத்துக்கு இறங்கியிருந்தால் அன்றைய பகல் முழுவதும் காரிலேயே போயிருக்கும்.

கூடலூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு மைசூர் ரோடு பக்கம், பகலில் காட்டைத் தாண்டும்படி விமானம் அமைந்தால் பெங்களூரே சௌகரியமாக இருக்கலாம்.

எந்த வழியில் போனாலும் மலைத்தேன் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நியூசிலாந்தில் தேனை உள்ளே விடமாட்டார்கள். ஊட்டி வர்க்கி, டீத்தூள், மண் ஒட்டிய நடைக் காலணி எல்லாவற்றையும் நியூசிலாந்து நுழைவுப் படிவத்தில் மறைக்காமல் குறித்துக் காட்டுங்கள். சொல்லாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.