லிஃப்டா, ரொக்கமா: ஆளுங்கட்சிக்கு ஓட்டைத் தக்கவைப்பது எது?

சிங்கப்பூரில் வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) கட்டிய பழைய புளோக்குகள் பலவற்றில் முன்பு லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. முட்டிவலிக்காரருக்கு ஒரு மாடி ஏறுவதே பெரும்பாடு. எல்லா மாடியிலும் நிற்க வைத்தால் வீட்டின் விலையும் ஏறும். 1997 தேர்தலில் பிரதமர் கோ சோக் டோங், தம் ஆளுங்கட்சிக்கு ஆதரவு தரும் வட்டாரங்களுக்கே இத்தகைய வீட்டு மேம்பாட்டில் முன்னுரிமை என்றார். வாக்குக் கணக்கு வட்டாரவாரியாகத் தெரிவதால் மிரட்டல் பலித்தது. தனியாள் ஓட்டு ரகசியம்தான். ஆனால் புளோக்கே சேர்ந்து தண்டனை அனுபவிக்கும். இருந்தும் ஹவ்காங், போத்தோங் பாசிர் தொகுதிகள் மசியவில்லை. 2006இல் முறையே 10 கோடி, 8 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கான (டாலர்) திட்டங்களைக் காட்டியும் இரண்டும் எதிர்க்கட்சியையே தேர்ந்தெடுத்தன.

மெக்சிகோவில் நெடுங்காலம் ஆண்ட பிஆர்ஐ கட்சியின் அரசு 1997இல் தொடங்கிய புரோகிரேசா என்ற ரொக்க உதவித் திட்டம் வேறு ரகம். பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், குடும்பம் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும். பணம் தாயின் கைக்கு. பயனாளியை வறுமை அளவுகோல் தேர்ந்தெடுத்தது. உள்ளூர் கட்சிக்காரர் பெயரை வெட்ட முடியாவிட்டால் அவருக்கு யார் பயப்படுவார்கள்? 2000இல், 71 ஆண்டுக்குப் பின் பிஆர்ஐ அதிபர் பதவியை இழந்தது. அடுத்து வந்த அரசு திட்டத்தை நிறுத்தவில்லை. பெயரை மாற்றி நகரங்களுக்கும் நீட்டியது.

வாக்காளருக்கு இரண்டாவதே மேல். கட்சிக்கு லாபம் முதலாவதில்தான். கொடுப்பதைவிட நிறுத்திவைக்க முடிவதே பிடி.